கல் குடித்த நீலம்

போன வார அத்தியாயத்தில் திருமுருகனைக் காலி கேன்களோடு மீன் வண்டியில் ஏற்றிக் காரைக்காலுக்கு அனுப்பிவைத்தோம். வண்டி தெருமுனை திரும்பியதும் அவன் மனைவி பரிமளா முன்னறையில் வந்து நின்று கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஏதோ ஒரு யோசனை ஓடியது என்பதோடு நிறுத்தியிருந்தோம். அந்த யோசனை என்ன செய்துவைத்தது என்பதை இப்போது சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பிக்க வழியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் போன மறுநாள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி பரிமளா முன்னறைக்கு வந்தாள். தொட்டியின் விளக்கைப் போட்டாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி மங்கிக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் வரை விரல் விரலாக அசைந்துகொண்டிருந்த கடல் சாமந்தி, பாறையிலிருந்து கழன்று பழுப்பாகத் தொங்கியது. பவளங்கள் எல்லாம் சுருங்கி வாயை மூடிக்கொண்டிருந்தன. சிவப்பு வரி போட்ட இறால் மணலில் மல்லாந்து கிடந்தது. ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டும் மட்டும் நன்றாக நீந்தின. சாமந்தியின் மடியில்தான் அவை குடியிருந்தன. இப்போது போக இடமில்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

பரிமளாவின் கை தானாகப் போய், தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாயில் கட்டியிருந்த சின்னத் துணி முடிச்சை அவிழ்த்தது. வெள்ளைத் துணி நீலமாகியிருந்தது. உள்ளே வைத்த மயில்துத்தம் முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

"ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்!"

அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வார்த்தை. திருமுருகன் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்தவன். பெரிய ஹோட்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. மீன், பவளம், பாறை, மணல் என்று கடலில் ஒரு துண்டைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைத்திருப்பதுதான் அவன் தொழில். போன பங்குனியில் சொந்த ஊரான தா.பழூருக்கு வந்தவன், இனிமேல் போகமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. முன்னறையில் ஒரு தொட்டியை வைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துப் பரிமளாவாகப் புரிந்துகொண்டாள்.

தூத்துக்குடியிலிருந்து பவளமும் கடற்பாறையும் வந்தன. அடியில் அடுக்குவதற்கு, சிப்பி பதிந்த சுண்ணாம்புக் கல்லை அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தான் தம்பி மணிவேல். அங்கேதான் அவன் லாரி ஓட்டுகிறான். தண்ணீர் காரைக்காலிலிருந்து மீன் வண்டியில் வந்தது. "கடல் தண்ணியைக் காசு குடுத்து வாங்குற ஒரே ஆளு நம்ம திருமுருகன்தான்" என்று ஊரே சிரித்தது. எட்டு மாதம் கழித்துத் தொட்டி பூத்தபோது அதே ஊர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனது.

திருச்சியில் ஹோட்டல் வைத்திருக்கும் பழனிவேல் காதுக்கும் சேதி போயிற்று. அவருடைய மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் புகழ்ந்திருக்கிறார். "நானே வந்து பார்க்கிறேன். மனசுக்குப் பிடிச்சா ஹோட்டலுக்கு மூணு தொட்டி வைக்கலாம்" என்று சொல்லியனுப்பினார். அவர் வரும் நாள் இன்றுதான்.

இன்று சாயங்காலமே, எதிர்ச்சாரியில் சாந்தா நடத்தும் எஸ்.டி.டி. பூத்துக்குச் சிங்கப்பூர் முதலாளி போன் செய்வார். வருகிறாயா, வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்பார். பழனிவேல் தொட்டி கேட்டால் திருமுருகன் ஊரிலேயே இருப்பான். இல்லாவிட்டால் விமானம் ஏறுவான். மகள் ஜோதிக்கு, பெரம்பலூர் ஹாஸ்டலில் இருக்கிறாளே, அவளுக்கு அப்பா மறுபடியும் போனில் வருகிற குரலாகிவிடுவார். பரிமளா பயந்தது இது ஒன்றுக்குத்தான்.

பழனிவேல் நாள் குறித்த சமயம் பார்த்துத்தான் புழு தலைகாட்டியது. கடற்பாறையோடு ஒளிந்து வந்தது. விரல் நீளம், செம்பழுப்பு நிறம், இரண்டு பக்கமும் கம்பளிப்பூச்சி மாதிரி வெள்ளை முள். விளக்கு எரிகிறவரை பாறைப் பொந்தில் பதுங்கிக்கிடக்கும், அணைத்ததும் வெளியே வந்து சாமந்தியைக் கடிக்கும். சின்னச் சின்னதாக அதன் கூட்டாளிகள் வேறு. திருமுருகன் பிலிம் ரோல் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே இறால் துண்டு வைத்து, மணலில் புதைத்துவைப்பான். உள்ளே நுழைந்ததை இடுக்கியால் எடுத்துப் போடுவான். சின்னதுகள் மாட்டின. பெரியது ஒரு தடவையும் மாட்டவில்லை. சாமந்தியின் ஓரம் தினம் கொஞ்சம் குறைந்தது.

"இதுக்கு மருந்து கிருந்து கிடையாதாங்க?" என்று ஒருநாள் பரிமளா கேட்டாள்.

"பார்த்துக்கலாம்" என்றான், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேச்சு அதோடு முடிந்துபோனது. அவர்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு அப்படித்தான் முடியும்.

பரிமளா ஒன்றும் தெரியாதவள் இல்லை. புருஷன் சீமையில் இருந்த காலமெல்லாம் நிலத்தைத் தனியாகப் பார்த்தவள். சம்பா வயலில் பாசி படர்ந்து பயிரை அமுக்கினால், மயில்துத்தத்தைச் சாக்கில் முடிந்து வாய்மடையில் போட்டுவைப்பாள். பாய்கிற தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வயலெல்லாம் போகும். பாசி செத்து அமுங்கும், நத்தை ஒழியும், நெல் நிமிர்ந்து நிற்கும். ஆட்கள் சொல்லிச் செய்தது இல்லை, அவளே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. வயலுக்கு மூட்டை வேண்டும், தொட்டிக்குத் துவரம்பருப்பு அளவு போதாதா என்று நினைத்தாள். தண்ணீர் விழும் இடம்தானே வாய்மடை? காலையில் புருஷன் வந்து பார்க்கும்போது புழு செத்து மிதக்க வேண்டும், சாமந்தி நிமிர்ந்து நிற்க வேண்டும். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரவேண்டும். ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"அண்ணி, என்ன அண்ணி? ஏன் இப்படி ஒக்காந்திருக்கீங்க?"

கூடத்தில் படுத்திருந்த மணிவேல் எழுந்து வந்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடச் சொல்லி அண்ணன் அவனை வீட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

பரிமளா நீலத் துணியை நீட்டினாள். அவன் துணியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். அவனும் விவசாயி மகன்தான், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"புழுவுக்கு வெச்சீங்களா?"

தலையாட்டினாள்.

"போச்சு, விடுங்க. மொதல்ல கண்ணைத் தொடைங்க." துணியை அவள் கையிலிருந்து வாங்கினான். "நான் சொல்றதைக் கேளுங்க. ராத்திரி கரண்ட் போச்சு, நான் அசந்து தூங்கிட்டேன், ஜெனரேட்டரைப் போடலை. அண்ணன்கிட்ட இதான் சொல்லப் போறேன்."

"வேணாம் தம்பி. உன் மேல பாயுவாரு."

"பாயட்டும். என்னை நாலு திட்டு திட்டினா நான் அரியலூருக்கு லாரி ஓட்டப் போயிடுவேன். நீங்க இங்கேயே இருக்கணும்ல?"

மணிவேலுக்கு மீசை முளைக்காத வயதிலிருந்து சோறு போட்டவள் அவள். அவன் துணியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு வந்தான். பரிமளா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தால், பாதி பாரம் அங்கேயே இறங்கியிருக்கும்.

மீன் வண்டி வெயில் ஏறியதும் வந்தது. திருமுருகன் குதித்து இறங்கினான். நல்ல உற்சாகத்தில் இருந்தான். கேன்களை இறக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் மக்கை எடுத்து வாசலிலேயே பரிமளாவிடம் கொடுத்தான்.

"இது தொட்டிக்கு மட்டும். நேத்து நீ பித்தளைச் சொம்பைப் போட்டு மோந்தே, நானும் சொல்லணும் சொல்லணும்னு மறந்துட்டேன். பித்தளை, செம்பு எதுவும் அந்தத் தண்ணியில படக் கூடாது பரிமளா. மீனு தாங்கிக்கும். பவளத்துக்கு அது வெஷம்."

மயில்துத்தம் மூட்டையின் மேல் காப்பர் சல்பேட் என்று அச்சடித்திருக்கும். பரிமளா அதை எத்தனை தரம் படித்திருப்பாள். மக்கை வாங்கியவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"வண்டியில வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன். பழனிவேல் சார் தொட்டியைப் பார்த்தா விடமாட்டாரு. சாயங்காலம் போன் வந்தா, வரலைன்னு சொல்லிடப் போறேன்."

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அதை அவன் வாயால் கேட்டாள். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டாள். 'என்னங்க' என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.



அவள் வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். திருமுருகன் தொட்டியின் முன் குனிந்து நின்றான். சாமந்தியைப் பார்த்தான். இறாலைப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்து கீழே விழுந்துவிட்ட நத்தைகளைப் பார்த்தான். பிறகு இரண்டு கோமாளி மீன்களையும் வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே" என்று மணிவேல் முன்னால் வந்தான். "தப்பு என் மேலதாண்ணே. ராத்திரி கரண்ட் போயிருச்சு. நான் தூங்கிப் போயிட்டேன்."

திருமுருகன் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான். அப்புறம் பரிமளாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"சரி" என்றான்.

திட்டவில்லை. கை ஓங்கவில்லை. ஒரு கேனைத் தூக்கி வந்து பழைய தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். மணிவேல் ஒத்தாசைக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினான். மணிவேலுக்கு அதற்குமேல் நிற்கப் பிடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான். போகிறபோது பரிமளாவிடம் மட்டும், "வாயைத் தொறக்காதீங்க அண்ணி, நம்பிட்டாரு" என்று முணுமுணுத்தான்.

பரிமளா சமைத்தாள். திருமுருகன் சாப்பிட வரவில்லை. அவன் தண்ணீரை மாற்றினான், தண்ணீரை வடிகட்டும் பஞ்சையும் கரியையும் மாற்றினான். செத்ததை எல்லாம் வலையால் அள்ளி வாளியில் போட்டான். எவ்வளவு அள்ளியும் அறையில் நாற்றம் போகவில்லை. ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். வைத்த பிறகுதான் எழவு வீடு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது, ஓடிப்போய் அணைத்தாள்.

பழனிவேல் சொன்னபடி மதியத்துக்கு மேல் காரில் வந்து இறங்கினார். கதர்ச் சட்டை, மரியாதையான மனிதர். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் உட்கார்ந்தார், பரிமளா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

"மேனேஜர் வந்து என்னென்னமோ சொன்னாரே. பூவா பூத்துக் கெடக்குன்னாரே?"

பரிமளா கதவோரம் நின்றாள். கரண்ட் போனதைச் சொல்லப்போகிறான், தம்பியைச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"இருந்துச்சு சார். நேத்து வரைக்கும் இருந்துச்சு. என் கவனக்குறைவு" என்றான் திருமுருகன்.

"தம்பி தப்பா நெனைக்கக் கூடாது. உங்க வேலையை நான் கொறை சொல்லலை. ஜனங்க சாப்பிட வர்ற எடம். நீங்க பக்கத்துலயே இருக்கற உங்க வூட்லயே ஒரு ராத்திரியில இப்படி ஆகும்னா, அங்க என் பசங்க என்னத்தைப் பார்ப்பாங்க?"

"நியாயம்தான் சார்."

"மீனு ரெண்டும் அழகா இருக்கு" என்று எழுந்தார் பழனிவேல். காபி பாதி மிச்சமிருந்தது. "ஒரு காலத்துல பார்ப்போம். நானே சொல்லியனுப்பறேன்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. திருமுருகன் கும்பிட்ட கையைக் கீழே போட மறந்து நின்றான். அவனை அப்படிப் பார்க்கப் பரிமளாவுக்குச் சகிக்கவில்லை. வெளியாள் எதிரில் அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டியவள் கதவோரம் நின்று காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்கள் இரண்டையும் புதுக் கடல்நீர் ஊற்றிய வாளியில் விட்டுவிட்டு, அவன் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சாக்கின் மேல் வைத்தான். கடைசிப் பாறையோடு அவன் போனபோது பரிமளாவும் பின்னால் போனாள். இதற்கு மேல் தள்ளினால் அந்தப் பொய் அவளுக்குள்ளேயே குடியேறிவிடும் என்று தெரிந்தது.

"என்னங்க."

"ம்."

"நேத்து கரண்ட் போகலீங்க."

அவன் பாறையைக் கீழே வைத்தான். "தெரியும்."

பரிமளா திகைத்துப்போனாள்.

"கரண்ட் போயிக் காத்து நின்னா, மொதல்ல மீனுதான் மேல வந்து வாயைப் பொளந்து சாவும். மீனு ரெண்டும் நல்லாருக்கு. இறாலு, நத்தை, பவளம், சாமந்தின்னு மத்ததெல்லாம் போயிருக்கு. செம்பு எறங்கினாத்தான் இப்படி ஆகும். குனிஞ்சு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. என்ன போட்டே?"

"மயில்துத்தம். துணியில முடிஞ்சு."

"வாய்மடையில போடற மாதிரி" என்றான். அவனும் அந்த வயலில் வளர்ந்தவன்தானே.

"தெரிஞ்சுமா என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். தம்பி பொய் சொல்றான், நீ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே. தொட்டி போனதுகூடப் பெரிசாத் தெரியலை பரிமளா. எனக்குப் பயந்து நிக்கிறியே, அதைத்தான் தாங்க முடியலை."

அவள் அழுதாள். காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நீங்க மறுபடியும் போயிடக் கூடாதுன்னுதாங்க செஞ்சேன். அந்தப் புழுவால எல்லாம் கெட்டுப்போயிருமோன்னு... நான் கையை வெக்காம இருந்திருந்தா, பாதி சாமந்தியாவது அவரு பார்த்திருப்பாரு."

திருமுருகன் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான். 

"மருந்து இருக்கான்னு அன்னிக்கு நீ கேட்டே" என்றான். "புழுவைக் கொல்ற எதுவும் பவளத்தையும் கொன்னுரும், அதான் கையால பொறுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்க கடைக்குப் புதுசா வேலைக்கு வர்றவனுக்கு மொத நாளே அதைத்தான் சொல்லிக் குடுப்பேன். உனக்குச் சொல்லலை. உன் பக்கத்துல உக்காந்து ஒண்ணைச் சொல்லணும்னே எனக்குத் தோணாமப் போச்சு."

 மன்னிப்புக் கேட்கிறானா, தன்னையே நொந்துகொள்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

"பாறையெல்லாம் நல்லாக் கழுவிட்டுத் திரும்ப வெக்க முடியாதாங்க? நான் தேச்சுக் கழுவித் தரேன்."

"எல்லாமே சுண்ணாம்புக் கல்லு. அது செம்பைக் குடிச்சிருக்கும். எத்தனை தண்ணி மாத்தினாலும் கொஞ்சங்கொஞ்சமா வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். இனி இதுமேல ஒரு பவளமும் உக்காராது."

அவன் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பரிமளாவின் பிறந்த வீடு திருமழபாடி. அங்கே வெற்றிலைக் கொடிக்காலுக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து மருந்தடிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கலவையை மண்பானையில் கரைத்துக் கொடுப்பது அவள் வேலை. மழை பெய்தாலும் மருந்து கழுவிக்கொண்டு போகாமல் இலையில் பிடித்துநிற்க வேண்டும் என்றுதான் அதில் சுண்ணாம்பு சேர்ப்பது. சுண்ணாம்பு பிடித்தால் விடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலில் தெரிந்தது, கொடிக்காலில் தெரிந்தது இரண்டும் இத்தனை நாளும் அவளிடமே இருந்தன, நேற்று அவை ஒன்றாகச் சேரவில்லை. பாறையைத் தடவிப் பார்த்தாள். அதில் நீலம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்ப புதுசா?"

"புதுசாத்தான். புதுக் கல்லு, புது மணலு, புதுத் தண்ணி. திரும்பப் பூக்க எட்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கறது?"

"நான் ஒம்பது வருஷம் இருந்தேனுங்க" என்றாள் பரிமளா.

சண்டைக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். திருமுருகன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். 

அப்போது சாக்கின் மேல் இருந்த பாறையில் ஏதோ நெளிந்தது. நடுப்பொந்திலிருந்து செம்பழுப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாக, வெள்ளை முள்ளெல்லாம் சிலிர்க்க, விரல் நீளமும் வெளியே வந்து சாக்கில் விழுந்தது. அந்தப் பெரிய புழு. இத்தனை நாள் இடுக்கிக்கும் டப்பாவுக்கும் அகப்படாதது. பாறையின் அடி ஆழத்தில் கிடந்து, மயில்துத்தத்துக்கும் தப்பித்து, உயிரோடு நெளிந்தது.

திருமுருகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அவள் ஆசைப்பட்ட அந்தச் சிரிப்பு, இப்படி வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பரிமளா அவன் முதுகில் கை வைத்தாள். அவன் அதைத் தள்ளவில்லை.

"திருமுருகன் அண்ணே!" வாசலிலிருந்து சாந்தாவின் குரல் வந்தது. "சிங்கப்பூர் போனுண்ணே! லைன்ல இருக்காங்க, சீக்கிரம் வாங்க!"

இரண்டு பேரும் அசையவில்லை. சாந்தா மறுபடியும் கூப்பிட்டாள்.

திருமுருகன் எழுந்தான். முகத்தை அழுந்தத் துடைத்தான். பரிமளாவைப் பார்க்காமல், புழுவைப் பார்த்துச் சொன்னான்:

"அதைக் கொல்லாத. கடல் தண்ணியில போட்டு வை."

அந்தப் பாறைகளில் மிஞ்சிய உயிர் அது ஒன்றுதான் என்று அவளுக்கும் புரிந்தது. அவன் போய்விட்டான்.

பரிமளா பழக்கத்தில் துவைக்கிற கல்லின் மேலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். உள்ளே ஓடிப்போய் அந்த ரோஸ் கலர் மக்கில் கேனிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தாள். காய்ந்த சருகால் புழுவை அலுங்காமல் ஏந்தி மக்கில் விட்டாள். அது அடியில் போய்ச் சுருண்டது, கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்தது.

மக்கோடு வாசலுக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் பூத்தின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே திருமுருகனின் முதுகும், ரிசீவரைப் பிடித்த முழங்கையும் தெரிந்தன. அவன் தலை அசைந்தது. ஆமாம் என்று அசைந்ததா, இல்லை என்று அசைந்ததா, தெருவின் இந்தப் பக்கம் நின்ற அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது வருஷம் அதே கண்ணாடிக்குள் நின்று அவன் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள், ஆளைப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஆள் தெரிகிறான், குரல் கேட்கவில்லை. மக்கைக் கீழே வைக்காமல் அவள் அங்கேயே நின்றாள்.